ஐந்து கேன் தண்ணீர்: நெடும்பயணத்துக்கு ஒரு துடுப்புப் படகு வாங்கிய நிகழ்வு ஆய்வு

பயணத் திட்டம் இதுதான். ஒரு பெரிய ஆற்றின் நடுப்பகுதியில் படகை இறக்குவது, ஆறு போய்ச் சேரும் ஏரியைக் கரையோரமாகச் சுற்றிக் கடப்பது, ஏரியிலிருந்து கடலை நோக்கிப் போகும் கால்வாயில் இறங்கிக் கழிமுகத்தில் முடிப்பது. வரைபடத்தில் நூல் வைத்து அளந்தபோது 380 கி.மீ.க்குக் கொஞ்சம் மேலே வந்தது. ஆட்கள் இருவர்: நானும் அக்கா கணவரும். எஞ்சின் கிடையாது, பாய் கிடையாது, முழுக்கத் துடுப்பு வலித்தே போவது. இரவில் கரையேறிக் கூடாரம் போட்டுத் தூக்கம். மூன்று வாரத்துக்குள் முடிக்க வேண்டும்.

இந்த ஒரே பயணத்துக்கு நாங்கள் இரண்டு படகு வாங்கினோம். முதல் படகு தவறான தேர்வு. அதை வாங்கும்போது அவசரப்படவும் இல்லை, அலட்சியமாக இருக்கவும் இல்லை. படகு வாங்கப் போகிற எவரும் எதைப் பார்ப்பார்களோ அதைத்தான் பார்த்தோம். அதனால்தான் இரண்டு தேர்வுகளையும் அளவுகளோடு இங்கே எழுதி வைக்கிறேன்.

முதல் படகு

3.6 மீட்டர் நீளம், ஒன்றரை மீட்டர் அகலம், தட்டையான அடி, சதுரமான பின்பக்கம். ஃபைபர் படகு, பயன்படுத்தியது. படகுத்துறையில் கட்டியிருந்த அதில் அத்தான் ஏறி நின்று ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு நடந்தார். படகு அசைந்த மாதிரியே தெரியவில்லை. "மாப்ள, இதுல படுத்துத் தூங்கலாம்" என்றார். எனக்கும் அதே எண்ணம்தான். கரையோரம் ஒரு கிலோமீட்டர் வலித்துப் பார்த்தோம். ஒருவர் வலிக்க, ஒருவர் பின்னால் உட்கார்ந்து, 12 நிமிடம். மணிக்கு 5 கி.மீ. அந்த வேகத்தில் ஒரு நாளைக்கு ஐந்தாறு மணி நேரம் வலித்தால் பயணம் கணக்குக்குள் அடங்கும். அன்றே பணம் கொடுத்துவிட்டோம்.

சாமான் பட்டியலை அதன்பிறகுதான் எடை போட்டோம். வரிசை தலைகீழாகிவிட்டது. ஒருவருக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர் வீதம் நான்கு நாள் குடிநீர் 32 கிலோ. சாப்பாடு 16. கூடாரமும் படுக்கையும் 14. துணிமணி 10. நங்கூரமும் கயிறும் 9. இரண்டு ஜோடி துடுப்பு 7. அடுப்பு, எரிபொருள், பாத்திரம் 6. கருவிகள் 6. கூட்டினால் சரியாக 100 கிலோ. நனைந்தால் துணியும் கூடாரமும் கனக்கும் என்று இன்னும் 10 சேர்த்தோம். எங்கள் இருவர் எடை 156. ஆக, படகின் எடை போக அது சுமக்க வேண்டியது 266 கிலோ.

சாமான்களையே ஏற்றிச் சோதிக்கத் தோன்றவில்லை, இன்னும் பாதி வாங்கியிருக்கவில்லை. அதனால் 20 லிட்டர் கேன்கள் ஐந்தை எடுத்து ஆற்றுத் தண்ணீர் ரொப்பி ஏற்றினோம். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ என்பதால் ஐந்து கேன் 100 கிலோ. படகு பரிசோதனைக்கு இதைவிட எளிய எடைக்கல் கிடையாது. ஏற்றுவதற்கு முன்பும் பின்பும் கேன்களில் செலவு எதுவும் இல்லை, முடிந்ததும் ஆற்றிலேயே கொட்டிவிடலாம்.

அதே ஒரு கிலோமீட்டர் இப்போது பதினைந்தரை நிமிடம் எடுத்தது. மணிக்கு 4 கி.மீ.கூட வரவில்லை. மறுநாள் மாலை எதிர்காற்றில் வலித்தபோது 27 நிமிடம். பின்னால் உட்கார்ந்திருந்த நான் திரும்பிப் பார்த்தேன். சதுரமான பின்பலகையின் அடிப்பகுதி ஒரு சாண் தண்ணீருக்குள் போயிருந்தது. அதன் பின்னால் தண்ணீர் சுழித்துச் சுழித்து, ஒரு சருகைப் பிடித்து வைத்துக்கொண்டு, எங்கள் கூடவே வந்துகொண்டிருந்தது. அந்தச் சருகு பின்தங்கவே இல்லை. அவ்வளவு தண்ணீரையும் நாங்கள் இழுத்துக்கொண்டு போகிறோம் என்று அப்போதுதான் புரிந்தது.

இன்னொன்றும் உறுத்தியது. 55 கிலோ என்று சொல்லித்தான் விற்றிருந்தார்கள். இருவர் சேர்ந்து கரைக்கு இழுக்கும்போது அப்படித் தோன்றவில்லை. மரக்கிளையில் கொக்கித் தராசைத் தொங்கவிட்டு முன்முனையைத் தூக்கினோம்: 36. பின்முனை: 45. மொத்தம் 81 கிலோ. உட்காரும் பெட்டிக்குள் மிதவைக்காக நுரை அடைத்திருப்பதாகவும் விற்றவர் சொல்லியிருந்தார். அத்தான் ஆறு மில்லிமீட்டர் துளைக்கம்பியால் பெட்டியின் கீழ்மூலையில் ஒரு துளை போட்டார். கம்பியை வெளியே எடுத்ததும் பழுப்புத் தண்ணீர் நூல் மாதிரி வடிய ஆரம்பித்தது. சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தபோதும் வடிந்துகொண்டிருந்தது. பல வருடமாக நுரை குடித்த தண்ணீர் அது. காப்பாற்ற வேண்டிய நுரை, படகைக் கனமாக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. துளையிடாமலேயே தராசு ஒன்று இருந்தால் வாங்கும் முன்பே கண்டுபிடித்திருக்கலாம். விளம்பரத்தில் உள்ள எடைக்கும் தராசில் காட்டும் எடைக்கும் பெரிய வித்தியாசம் இருந்தால், அந்த வித்தியாசம் தண்ணீராக இருக்கலாம்.

எதற்காகப் படகு வாங்குகிறோம்

விற்க முடிவு செய்த பிறகு ஒரு வாரம் படகே பார்க்கவில்லை. எங்கே தவறினோம் என்று பேசிக்கொண்டிருந்தோம். கடைசியில் வந்து நின்ற இடம் இது: நாங்கள் காலை நேரத்துக்கு, வெறும் படகுக்கு, களைப்பில்லாத கைக்கு ஒரு படகு வாங்கியிருந்தோம். பயணத்தில் ஆளைச் சோதிப்பது நாளின் கடைசி ஒரு மணி நேரம். சாமான் முழுக்க ஏறியிருக்கும், மதியத்துக்கு மேல் எதிர்காற்று கிளம்பியிருக்கும், தோள் விட்டுப்போயிருக்கும், கரை இன்னும் நாலு கி.மீ. தள்ளி இருக்கும். அந்த நேரத்தில் எந்தப் படகு நகருமோ அதை வாங்க வேண்டும். இனி எந்தப் படகைப் பார்த்தாலும் இந்த ஒரே கேள்வி.

கேள்வி இப்படி மாறியதும் அளவுகளின் முக்கியத்துவமும் மாறியது. பயிற்சி பெற்ற விளையாட்டு வீரராக இல்லாத ஒருவர் நாள் முழுக்கத் தொடர்ந்து தரக்கூடிய உழைப்பு ஏறத்தாழ 75 வாட். ஒரு பழைய குண்டு பல்பு எரியும் அளவு. அவ்வளவுதான் எஞ்சின். இதை வைத்துக்கொண்டு வேகத்தை இரட்டிப்பாக்க நினைத்தால் தேவைப்படும் உழைப்பு சுமார் எட்டு மடங்கு ஆகிறது. ஆகவே வேகமான படகைத் தேடுவதில் பொருளில்லை, வீணடிக்காத படகைத் தேட வேண்டும்.

நீளமான படகு வேகமானது என்று சொல்வார்கள். படகு தான் எழுப்பும் அலையில் தானே சிக்கிக்கொள்ளும் ஒரு வேகம் உண்டு. 19ஆம் நூற்றாண்டில் வில்லியம் ஃப்ரூட் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் மாதிரிப் படகுகளைத் தொட்டியில் இழுத்துப் பார்த்து வகுத்த வழியில் வந்த கணக்கு அது. நீர்க்கோட்டு நீளம் என்பது மிதக்கும் படகுக்கு நீர்மட்டத்தில் இருக்கும் நீளம். மீட்டரில் அதன் வர்க்கமூலத்தை நாலரையால் பெருக்கினால் மணிக்கு எத்தனை கி.மீ. என்று வரும். 4.1 மீட்டர் நீர்க்கோட்டுக்கு 9 சொச்சம். எங்கள் முதல் படகுக்கே ஏறக்குறைய 8. நாங்கள் போவதோ நாலு, நாலரை. அந்த எல்லையை நாங்கள் தொடப்போவதே இல்லை. மெதுவாகப் போகும்போது பெரும் தடை அடிப்பரப்பின் உராய்வும், பின்னால் இழுபடும் சுழலும்தான். அளவுக்கு மீறி நீளம் வாங்கினால் நனையும் பரப்பு கூடி நமக்கே சுமையாகும். 4.5 முதல் 5 மீட்டருக்குள், ஒல்லியாக, பின்பக்கம் தண்ணீரைவிட்டு மேலே எழும் அமைப்பில் தேடலாம் என்று முடிவாயிற்று.

இன்னொரு கணக்கு எங்களுக்கு மிகவும் உதவியது. மிதக்கும் படகு நீர்மட்டத்தில் அடைக்கும் பரப்பு எத்தனை சதுர மீட்டரோ, அதைப் பத்தால் பெருக்கினால், படகை ஒரு செ.மீ. அமிழ்த்தத் தேவையான கிலோ கிடைக்கும். நீர்க்கோட்டு நீளம் 4.1 மீட்டர், அங்கே அகலம் 1 மீட்டர் என்றால் முனைகள் கூம்புவதால் பரப்பு அதில் மூன்றில் இரண்டு பங்கு, சுமார் 2.7. ஒரு செ.மீ.க்கு 27 கிலோ. எங்கள் 266 கிலோவுக்கு 10 செ.மீ. அமிழும். கரையில் நின்று அளவு நாடாவோடு இவ்வளவையும் பார்த்துவிடலாம். விளிம்பு தண்ணீரிலிருந்து எவ்வளவு உயரம் நிற்கிறது என்று அளந்து பத்தைக் கழித்துக்கொண்டால் போதும். 30 செ.மீ.க்குக் கீழே வந்த எதையும் நாங்கள் ஒதுக்கினோம். விளிம்பு மிக உயர்ந்தாலும் ஆபத்துதான், அத்தனையும் காற்று பிடிக்கும். காற்றின் வேகம் இரட்டித்தால் அதன் தள்ளுவிசை நாலு மடங்கு.

பார்த்துவிட்டு விட்டவை

காற்றடிக்கும் ரப்பர் படகு எடை குறைவு, மடித்து எடுத்துப் போகலாம். ஏரியில் காற்று எழுந்தால் பலூன் மாதிரி ஓடும் என்பதால் விட்டோம்.

வலிக்கும்போது முன்னும் பின்னும் நகரும் சறுக்கு இருக்கை வைத்த ஐந்தரை மீட்டர் ஃபைபர் படகு அழகில் எல்லாவற்றையும் மிஞ்சியது. வெறும் படகாக ஒரு கிலோமீட்டரை ஒன்பது நிமிடத்தில் முடித்தது. கேன் வைக்க இடம் தேடினோம், மூன்றாவது கேனுக்குமேல் இடமே இல்லை. தனியாள், ஒரு நாள் பயணம் என்றால் அதைத்தான் வாங்கியிருப்பேன்.

அலுமினியப் படகு ஒன்று விலைக்கு ஏற்றதாக இருந்தது. தகடுகளை ரிவெட் ஆணி அடித்து இணைத்த வகை. அதைச் சோதிக்க ஒரு நல்ல வழி உண்டு: கரையில் கட்டைகள் மேல் ஏற்றி, உள்ளே ஒரு சாண் உயரத்துக்கும் குறைவாகத் தண்ணீர் ஊற்றி, அடியில் குனிந்து பார்ப்பது. வெளியிலிருந்து உள்ளே கசிவது கண்ணுக்குத் தெரியாது, உள்ளிருந்து வெளியே கசிவது ஆணி ஆணியாகத் தெரியும். நடு வரிசையில் பதினொரு ஆணிகளில் முத்து முத்தாகத் தண்ணீர் கோத்து நின்றது. அதைச் சீர்செய்திருக்கலாம். ஆனால் எஞ்சின் மாட்டுவதற்காகவே அகலமாகச் செய்த பின்பலகை. முதல் படகின் சருகு நினைவுக்கு வந்தது.

இரண்டாவது படகு

பிளைவுட்டில் எபாக்சி பிசின் பூசிக் கட்டிய, டோரி என்ற வகைப் படகு. நீளம் 4.9 மீட்டர், மேல்விளிம்பில் அகலம் 1.3, அடியில் அதில் பாதிக்கும் கொஞ்சம் கூட. பக்கப் பலகைகள் வெளிநோக்கிச் சாய்ந்து விரியும். பின்பக்கம் கல்லறைக்கல் மாதிரி ஒடுங்கிய சிறு பலகை. கட்டியவரே விற்றார். வயது எழுபதுக்கு மேல்.

அத்தான் வழக்கம்போல ஏறி நின்றார். படகு சட்டென்று ஒரு பக்கம் சாய்ந்தது. தடுமாறி உட்கார்ந்துவிட்டார். என் முகத்தைப் பார்த்த பார்வையிலேயே வேண்டாம் என்பது தெரிந்தது. பெரியவர் அவசரப்படவில்லை. "வெறும் படகுல ஏறிட்டு ஆடுதுன்னு சொல்லாதீங்க தம்பி. உங்க கேனுங்களை ஏத்துங்க. அப்புறம் சொல்லுங்க" என்றார்.

ஐந்து கேனையும் ரொப்பி அடிப்பலகையில் வைத்தோம். அத்தான் மறுபடியும் எழுந்து நின்றார். விளிம்புக்கு நகர்ந்தார். கொஞ்சம் சாய்ந்தது, அப்புறம் ஏதோ தோளில் முட்டுக்கொடுத்த மாதிரி நின்றுவிட்டது. இன்னும் சாய்க்கப் பார்த்தார், முடியவில்லை. விரிந்த பக்கப் பலகை தண்ணீரில் இறங்க இறங்க அகலம் கூடுகிறது, சாயச் சாய எதிர்ப்பு கூடுகிறது. எங்கள் முதல் படகு இதற்கு நேர் எதிர்: வெறும் படகாக அசையாது, ஆனால் பக்கவாட்டு அலையில் அலையின் சரிவோடு சேர்ந்து தானும் சரியும்.

டோரி என்ற வடிவமே சுமைக்குப் பிறந்தது. அட்லாண்டிக்கின் கிராண்ட் பேங்க்ஸ் மீன்பிடி மேடுகளில், தாய்க்கப்பலின் தளத்தில் குறுக்குப் பலகைகளைக் கழற்றிவிட்டு ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி எடுத்துப்போன படகு அது. காலையில் காலியாக இறங்கி மாலையில் மீன் நிறைந்து திரும்ப வேண்டும். 1966-ல் ஜான் ரிட்ஜ்வே, சே பிளைத் இருவரும் 20 அடித் திறந்த டோரி ஒன்றில்தான் 92 நாளில் அட்லாண்டிக்கை வலித்துக் கடந்தார்கள். அந்த அளவு சாகசத்துக்கும் எங்கள் ஏரிக்கும் ஒப்பீடே கிடையாது. ஆனால் நிறைந்த சுமையோடு பல வாரம் வலிப்பதற்கு இந்த வடிவம் தாங்கும் என்பதற்கு அதைவிட நல்ல சான்று எனக்குத் தேவைப்படவில்லை.

ஐந்து கேனோடு ஒரு கிலோமீட்டர்: 13 நிமிடம். ஆற்றோட்டம் ஏமாற்றக் கூடாது என்பதற்காகப் போகும் திசையிலும் வரும் திசையிலும் வலித்து எடுத்த சராசரி. வெறும் படகாகப் பன்னிரண்டரை. நூறு கிலோ ஏறியதற்கு அரை நிமிடம்தான் வித்தியாசம். மாலைவரை காத்திருந்து எதிர்காற்றில் வலித்தோம்: 19 நிமிடம். முதல் படகு எடுத்தது 27. எங்கள் கேள்விக்கு அங்கேயே பதில் கிடைத்துவிட்டது.

பிடித்துப்போன படகைப் பரிசோதிப்பதுதான் கடினம். கண் குறையைத் தேடாது. அதனால் அந்த வேலையை மறுநாளுக்குத் தள்ளிவைத்தோம். முதலில் தராசு: 74 கிலோ, பெரியவர் சொன்னதைவிட ஒரு கிலோ அதிகம். அப்புறம் திருப்புளியின் பிளாஸ்டிக் கைப்பிடியால் அடிப்பலகை முழுக்கத் தட்டிக்கொண்டே வந்தேன். நல்ல இடத்தில் "டக் டக்" என்று கேட்கும். பின்பலகை அடிப்பலகையோடு சேரும் வலது மூலையில் "தொப்" என்றது. குத்தூசியை வைத்து அழுத்தினால் எதிர்ப்பே இல்லாமல் இறங்கியது. மழைத்தண்ணீர் தேங்குவது அங்கேதான். உப்புத் தண்ணீரைவிட மழைத்தண்ணீர்தான் மரத்தைச் சீக்கிரம் உளுக்கச் செய்யும், அதனால் படகில் தேட வேண்டிய இடம் வெளி அடியைவிட உள்மூலைகள். முகப்பில் ஒரு திருகாணியைக் கழற்றிக் காட்டச் சொன்னேன். பித்தளை ஆணி, ஆனால் நிறம் மஞ்சள் போய் இளஞ்சிவப்பு ஏறியிருந்தது. துத்தநாகம் கரைந்து வெளியேறிவிட்டது என்று பொருள். அந்த ஆணியை விரலுக்கிடையில் வைத்து இடுக்கியால் வளைத்தேன், முறிந்துவிட்டது.

பெரியவரிடம் உளுத்த மூலையைக் காட்டினோம். அவரே குத்தூசியை வாங்கிக் குத்திப் பார்த்தார். ஒரு நிமிடம் பேசவில்லை. "இது எனக்குத் தெரியாது" என்றார், நான் அதை நம்பினேன். பேரம் என்று பெரிதாக எதுவும் நடக்கவில்லை. மரம், எபாக்சி, ஆணி எல்லாவற்றுக்கும் ஆகும் செலவை அவர் முன்னாலேயே கணக்குப் போட்டோம், அவர் அதைக் கழித்துக்கொண்டார். எங்கள் உழைப்புக்கு நாங்கள் எதுவும் கேட்கவில்லை. கட்டியவர் கையெழுத்துப் போட்ட விற்பனைச் சீட்டு வாங்கினோம். பதிவு, உரிமம் விதிகள் நாட்டுக்கு நாடு, நீர்நிலைக்கு நீர்நிலை மாறும், பணம் கொடுப்பதற்கு முன்பே அதை விசாரித்துவிட வேண்டும். தொழிற்சாலைப் படகுகளில் பெரும்பாலும் எத்தனை ஆள், எவ்வளவு எடை என்று ஒரு தகடு பதித்திருக்கும். கையால் கட்டியதில் அது இருக்காது, அந்த வேலையையும் நம் கேன்கள்தான் செய்ய வேண்டும்.

உளுத்த பகுதி 12 செ.மீ.க்கு 5 செ.மீ. தான். ஆனால் நல்ல மரம் தெரியும்வரை வெட்டியபோது விரித்த கை அளவுக்கு ஆயிற்று. காயவிடவே எட்டு நாள் ஆனது. புது மரத்துண்டை எபாக்சியில் ஒட்டி, முகப்பு ஆணிகளைச் சிலிக்கான் வெண்கலத்தில் மாற்றினோம்.

துடுப்பும் உட்காரும் இடமும்

படகைப் பற்றி எவ்வளவு யோசித்தோமோ அவ்வளவு துடுப்பைப் பற்றி யோசிக்காமல் விட்டிருந்தால் எல்லாம் வீணாகியிருக்கும். நிமிடத்துக்கு 22 வலிப்பு என்று வைத்தால் ஆறு மணி நேரத்தில் 7,920 முறை துடுப்பைத் தூக்கி இறக்குகிறோம். துடுப்பில் கால் கிலோ மிச்சம் பிடிப்பது படகில் பத்துக் கிலோ குறைப்பதைவிடக் கைக்கு நன்றாகத் தெரிகிறது.

படகோடு வந்தவை 2.1 மீட்டர். துடுப்பின் நீளத்துக்குப் பழகிய ஒரு கணக்கு உண்டு. துடுப்பைத் தாங்கும் இரண்டு கவைகளுக்கு இடையிலான தூரத்தில் பாதி, அதோடு 5 செ.மீ.; அது கவைக்கு உட்புறம் இருக்க வேண்டிய நீளம். அதை 25-ஆல் பெருக்கி 7-ஆல் வகுத்தால் முழு நீளம். எங்கள் கவைகளுக்கு இடையே 122 செ.மீ. பாதி 61, ஐந்து சேர்த்து 66, முழு நீளம் சுமார் 2.36 மீட்டர். ஒரு சாணுக்கும் மேல் குறைவான துடுப்போடுதான் அதுவரை வலித்திருக்கிறோம். ஸ்ப்ரூஸ் மரத்தில் புதிதாக ஒரு ஜோடி வாங்கி, கவையில் உரசும் இடத்தில் தோல் சுற்றினோம். பழைய ஜோடி மாற்றுக்கு வந்தது. துடுப்பில்லாமல் நட்டாற்றில் நிற்பதைவிடக் குட்டையான துடுப்பு மேல்.

இருக்கை கவையைவிட ஏறத்தாழ 18 செ.மீ. தாழ்ந்து இருந்தது, அதை மாற்றவில்லை. மாற்றியது உதைகட்டையை. துடுப்பு வலிப்பது கையின் வேலை என்று பார்ப்பவருக்குத் தோன்றும், உண்மையில் பாதி வேலை கால் உதைப்பதில் இருக்கிறது. அத்தான் என்னைவிட உயரம். ஒருவருக்குச் சரியாக இருப்பது மற்றவருக்கு முழங்காலை மடக்கும். அடிப்பலகையில் இரண்டு சட்டம் பதித்து, ஆறு நிலைகளில் உதைகட்டையை மாற்றும்படி செய்தோம். வலிக்கும் இடமும் இரண்டு வைத்தோம், ஏனென்றால் ஒருவர் மட்டும் வலிக்கும்போது மற்றவர் பின்னால் உட்கார்ந்தால் முன்பக்கம் தூக்கிக்கொள்ளும். இடத்தை மாற்றினால் எடை சமமாகும்.

மூழ்கடித்துப் பார்த்தது

1896-ல் ஜார்ஜ் ஹார்போ, ஃபிராங்க் சாமுவெல்சன் என்ற இருவர் சுமார் 18 அடி நீளமுள்ள 'ஃபாக்ஸ்' என்ற படகில் நியூயார்க்கிலிருந்து கிளம்பி 55 நாளில் இங்கிலாந்தின் சில்லி தீவுகளுக்கு வலித்துச் சேர்ந்தார்கள். அந்தப் படகின் இரு முனைகளிலும் காற்றறைகள், அடியில் கவிழ்ந்தால் பிடித்துத் திருப்ப இரண்டு நீளச் சட்டங்கள். வழியில் ஒருமுறை கவிழவும் செய்தது, திருப்பி ஏறிக்கொண்டார்கள். கிளம்பும் முன்பே கவிழ்வதை யோசித்திருந்தார்கள் என்பதுதான் என்னைக் கவர்ந்தது.

இடுப்பளவுத் தண்ணீரில் டோரியை நிறுத்தி, விளிம்பு வரை ரொப்பினோம். இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும்: மூழ்கிய படகில் தண்ணீர் கேன் எடைக்கல் ஆகாது. தண்ணீருக்குள் தண்ணீருக்கு எடை கிடையாது. நங்கூரம், கருவிப்பெட்டி மாதிரி உண்மையான இரும்பைத்தான் வைக்க வேண்டும். வைத்தோம். படகு மூழ்கவில்லை, ஆனால் விளிம்பு தண்ணீர்மட்டத்துக்குச் சமமாகவே நின்றது. ஒரு வாளி இறைத்தால் ஒரு வாளி உள்ளே வந்தது. இப்படிப்பட்ட படகு மிதக்கிறது என்று சொல்லிக்கொள்ளலாம், பயன் கிடையாது.

காற்று ஒரு லிட்டர் ஒரு கிலோவைத் தாங்கும். முன்முனையில் மூடியுள்ள ஒரு தொட்டி, பின்முனையில் ஒன்று, பக்கங்களில் வார் போட்டு இறுக்கிய காற்றுப்பைகள் இரண்டு: எல்லாம் சேர்ந்து 180 லிட்டர். மறுபடி ரொப்பினோம். நான் உள்ளே உட்கார்ந்திருக்க விளிம்பு 8 செ.மீ. மேலே நின்றது. பத்து லிட்டர் வாளியில் 58 வாளி, ஒன்பது நிமிடம். அமைதியான தண்ணீரில் இதுவென்றால் அலையில் இரு மடங்கு என்று எடுத்துக்கொண்டோம். பின்பலகையில் ஏறுவதற்கு வாரால் ஒரு படி கட்டியதும் அன்றுதான். லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொண்டு அது இல்லாமல் ஏற இருவராலும் முடியவில்லை.

பயணத்தில் தெரிந்தவை

386 கி.மீ., 19 நாள். அதில் மூன்று நாள் காற்றுக்காகக் கரையில் இருந்தோம். வலித்த 16 நாளில் சராசரி 24 கி.மீ., வேகம் மணிக்கு 4.3. சோதனையில் வந்ததைவிடக் கொஞ்சம் குறைவு, ஆனால் கணக்குக்குள்.

பதினோராம் நாள் ஏரியின் வடகரையில் அந்தக் கடைசி ஒரு மணி நேரம் வந்தது. மதியம் மூன்றுக்கு எழுந்த எதிர்காற்று, முனையைச் சுற்றினால்தான் ஒதுங்க இடம், மூன்று கி.மீ. இருவரும் ஒரே நேரத்தில் வலித்தோம். கரையில் ஒரு காய்ந்த மரத்தைக் குறிவைத்துக்கொண்டேன். அது பின்னால் போக மறுத்தது போல் நின்றது, பிறகு ஒரு கை அகலம், இரண்டு கை அகலம் என்று நகர்ந்தது. கி.மீ.க்கு 22 நிமிடம். அத்தான் முனை சுற்றும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. சுற்றியதும் துடுப்பை உள்ளே இழுத்துவிட்டு, "அந்தப் படகா இருந்தா?" என்றார். நான் பதில் சொல்லவில்லை. அதே காற்றில் அது பின்னோக்கிப் போயிருக்கும் என்று இருவருக்கும் தெரியும்.

நாங்கள் தவறவிட்ட ஒன்று கரையில் இருந்தது. படகும் சாமானும் 180 கிலோ. இருவரால் மணலில் இழுக்க முடியாது. காற்றடிக்கும் உருளைகள் இரண்டு கொண்டுபோயிருந்தும், சரிவான கரையில் எல்லாவற்றையும் இறக்கித்தான் ஏற்ற வேண்டியிருந்தது. காலையும் மாலையும் இருபது இருபது நிமிடம். எங்கே தங்குவது என்பதை ஊரோ நிழலோ தீர்மானிக்கவில்லை, கரையின் சரிவு தீர்மானித்தது. மறுபடி வாங்கினால் தண்ணீரில் செய்த சோதனையைக் கரையிலும் ஒருமுறை செய்வேன்: ஐந்து கேனோடு படகைப் பத்து மீட்டர் மேலே இழுத்துப் பார்ப்பது.

முதல் படகை இதற்கிடையில் விற்றுவிட்டோம். ஈர நுரையைத் தோண்டி எடுத்ததும் 58 கிலோவுக்கு வந்தது. நடந்ததையெல்லாம் வாங்கியவரிடம் சொல்லி, எடுத்த நுரையையும் காட்டினோம். அவருக்கு நூறு மீட்டர் தள்ளி நிற்கும் பெரிய படகுக்குப் போய்வர ஒன்று தேவைப்பட்டது, அதற்கு அது பொருத்தமான படகு.

டோரியைத் திரும்ப வந்ததும் தராசில் தொங்கவிட்டோம். கிளம்பும்போது, காற்றுத்தொட்டிகளோடு சேர்த்து 80; திரும்பியபோது 85. நிழலில் மூன்று வாரம் கவிழ்த்து வைத்திருந்தோம், இப்போது 82. மாற்றிய மூலையைத் தட்டிப் பார்த்தேன், டக் என்கிறது. மிச்ச இரண்டு கிலோ முன்தொட்டிக்குள் எங்கேயோ இருக்கிறது. வரும் ஞாயிறு அதன் மூடியைக் கழற்றப் போகிறோம்.